மௌன குருவும் ஆறு பல்லு கிடாரும்

எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது.

இந்த வரியை உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர் ஒரு கூச்சமும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போவார்கள். தெரியாது என்றால் தெரியாது, அதில் என்ன இருக்கிறது? ஆனால் நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு கல்யாண மண்டபத்து மேடையில், மைக்குக்கு முன்னால், மடியில் கிடாரோடு உட்கார்ந்திருந்தபோது. அதுவரை எனக்கு வாசிக்கத் தெரியும் என்றுதான் ஊரோடு சேர்ந்து நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் எங்கள் அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி. (வேர்க்கடலை என்று சொன்னால் எங்கள் பக்கம் அது வேறு ஏதோ பணக்காரக் கடலை என்று நினைத்துவிடுவார்கள்.) நான் பி.காம். முடித்துவிட்டு, மண்டியில் உட்காரச் சொன்னால் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றும், வீட்டில் உட்கார்ந்தால் வேலை தேடுகிறேன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். காதை மூடிய முடி, தெருவைக் கூட்டும் பெல்பாட்டம். இவ்வளவும் இருந்தும் ஒரு கலை இல்லாமல் போனது எனக்கே பெரிய குறையாகத் தெரிந்தது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் செங்கம் ரோட்டில் பீட்டர் வந்து சேர்ந்தார். ஆசிரமத்துக்குப் பக்கத்தில், அப்பாவின் சிநேகிதர் ஒருவருடைய வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர். தியானம் செய்ய வந்தவர், மௌன விரதம் வேறு. வாய் திறக்க மாட்டார். கையோடு ஒரு கிடார் கொண்டுவந்திருந்தார். (பேசக்கூடாது என்றுதான் விரதம், வாசிக்கக்கூடாது என்று இல்லை போலிருக்கிறது.) ஒரு நாள் மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கப் போன நான், கிடாரைப் பார்த்து, அப்படியே காலடியில் உட்கார்ந்துவிட்டேன். கற்றுக்கொடுங்கள் என்று சைகையில் கேட்டேன். அவரும் சைகையிலேயே சரி என்றார்.

பாடம் தினமும் சாயங்காலம். பீட்டர் கிடாரை மடியில் வைத்துக்கொள்வார், கண்ணை மூடிக்கொள்வார். ஒரு கம்பியை ஓர் இடத்தில் அழுத்தித் தட்டுவார். அடுத்த கம்பியைச் சும்மா தட்டுவார். டொய்ங்... டொய்ங். பிறகு அடுத்த ஜோடி. டொங்... டொங். இப்படியே மேல்கம்பியிலிருந்து கீழ்க்கம்பி வரைக்கும் படி இறங்குகிற மாதிரி இறங்கி வருவார். நடுநடுவே தலைமாட்டில் இருக்கிற முறுக்காணியைக் கொஞ்சம் திருகுவார். அப்போது சத்தம் 'ஙொய்ய்ய்' என்று வளைந்து மேலே போகும். அதுதான் கமகம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் முடித்ததும் கிடாரை என்னிடம் கொடுப்பார். நான் அதேபோலச் செய்வேன். தப்பு வந்தால் தலையை ஆட்டுவார். சரியாக வந்தால் கைகூப்பிச் சிரிப்பார்.

சில மாதங்களில் அந்த மெட்டைக் கரைத்துக் குடித்துவிட்டேன். பீட்டர் தனியாக இருக்கும்போது வேறு என்னென்னவோ வேகமாக வாசிப்பது வெளியே கேட்கும். அதெல்லாம் அடுத்த பாடம் என்று பொறுமையாக இருந்தேன். ஒரு நாள் போனால் அறை பூட்டியிருந்தது. விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டாராம். குரு போனார், கிடாரும் போனது. மெட்டு மட்டும் என் விரலில் தங்கிவிட்டது.

அத்தோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அக்கா மல்லிகாவின் நிச்சயதார்த்தம் வந்தது.

மாப்பிள்ளை வீடு திண்டிவனம். சம்பந்தி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மெல்லிசை என்றால் உயிரை விடுகிறவர். பெரிய பையன் கல்யாணத்துக்கு மெட்ராஸிலிருந்து கச்சேரிக் குழு இறக்கிய கதையை, இலை போட்டதிலிருந்து மோர் ஊற்றுகிற வரைக்கும் சொன்னார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"அதெல்லாம் எதுக்குங்க சம்பந்தி? எங்க சேகரு இருக்கான். கிடாரு வாசிப்பான். வெள்ளக்காரங்கிட்டயே நேரா கத்துகினான்."

சம்பந்தி கையில் இருந்த மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை எட்டிப் பார்த்தார். "கிடாரா! அடேயப்பா! அப்ப வெளிய இருந்து எதுக்குக் கச்சேரி? ரிசப்ஷனுக்குத் தம்பியே வாசிக்கட்டும். இன்னா தம்பி?"

அந்த இடத்தில் 'இல்லீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூடம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் முடியைக் கோதிக்கொண்டு, "பாத்துக்கலாங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே அக்கா என்னைச் சமையல்கட்டில் மடக்கினாள்.

"டேய் சேகரு, நெஜமா வாசிப்பியா நீ?"

"வாசிப்பேன்க்கா."

"எத்தினி பாட்டு தெரியும்?"

"ஒன்னு."

"ஒன்னா? ரிசப்ஷன் மூணு மணி நேரம்டா!"

"நல்ல பாட்டுக்கா. திருப்பித் திருப்பி வாசிக்கலாம்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அந்த ஊட்டுல நான் போய் வாழணும். மானத்த மட்டும் வாங்கிடாத" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதற்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அடுத்த வாரம் பத்திரிகை அச்சாகி வந்தது. அப்பா என்னிடம் கேட்காமலே கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'மாலை வரவேற்பில் மணமகளின் தம்பி செல்வன் தனசேகர் அவர்களின் கிடார் இன்னிசை.' என் பேரை அச்சில் பார்த்த பெருமையில் இரண்டு நாள் மிதந்தேன். மூன்றாம் நாள்தான், வாசிக்கக் கிடார் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அப்பா அதற்கும் வழி வைத்திருந்தார். வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும். வேலூர், காஞ்சிபுரம், மெட்ராஸ், பாண்டிச்சேரி என்று ஒரு சுற்று. "கார எடுத்துகினு போ. போற ஊர்ல எல்லாம் கடையப் பாரு. நல்லதா ஒன்னு வாங்கிகினு வா. துணைக்குச் சித்தப்பாவ இட்டுகினு போ. பொருள் வாங்கறதுல அவன அடிச்சிக்க ஆளில்ல."

உண்மைதான். ஏகாம்பரம் சித்தப்பாவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் அவர் வாங்குகிற பொருள் மாடு. கீழ்பென்னாத்தூரில் இருந்துகொண்டு சுற்று வட்டாரச் சந்தைக்கெல்லாம் தரகுக்குப் போகிறவர். தீபத்துக்குக் கூடுகிற மாட்டுச் சந்தையில் அவர் நடந்து வந்தால், மாடுகளே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும் என்பார்கள். மாட்டை வாங்கத் தெரிந்தவனுக்கு எதையும் வாங்கத் தெரியும் என்பது அவருடைய கொள்கை.

அப்பாவின் பழைய அம்பாசடரை நான் ஓட்ட, பின்சீட்டில் பத்திரிகைக் கட்டு, தாம்பாளம், குங்குமச் சிமிழ் எல்லாம் குலுங்க, முன்சீட்டில் சித்தப்பா தோளில் துண்டோடு உட்கார, சித்திரை வெயிலில் கிளம்பினோம்.

முதலில் வேலூர். பெரியம்மா வீட்டில் பத்திரிகை வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனோம். அங்கே ஒரு சந்தில் வாத்தியக் கடை. பேண்டு செட்டுக்காரர்கள் வாங்குகிற டிரம்மும் ஊதுகுழலும் கூரை வரை தொங்கின. அவற்றுக்கு நடுவில், தூசி படிந்து ஒரே ஒரு கிடார். கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த பாய். தன் அப்பா காலத்திலிருந்தே அந்தச் சந்தில் கடை வைத்திருப்பவர். பேச்சு சாந்தமாக இருந்தது.

"வாங்க, வாங்க. எடுத்துப் பாருங்க" என்று துடைத்து என்னிடம் நீட்டினார். நடுவில் புகுந்து சித்தப்பா வாங்கிக்கொண்டார்.

முதுகைத் தடவினார். வயிற்றைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். எங்காவது கெட்ட சுழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் தலைமாட்டுக்குப் போய் முறுக்காணிகளை எண்ணினார்.

"ஆறு பல்லு" என்றார் என்னிடம், திருப்தியாக. "நல்ல உழைக்கிற வயசுடா." (மாட்டுக்கு முன்பல் ஜோடி ஜோடியாக முளைக்கும், அதை எண்ணித்தான் வயசு சொல்வார்கள்.) பிறகு பாய் பக்கம் திரும்பி, கிடாரின் நடுவில் விரலை விட்டார். "ஆனா இன்னாங்க பாய் இது, நடு வயித்துல இம்மாம் பெரிய ஓட்டை?"

"அது இருக்கணும்ணே. ஓட்டை இல்லன்னா சத்தம் வராது."

"எங்க ஊட்டுக் காளைக்கு எந்த ஓட்டையும் இல்ல. அது கத்தலயா? ஓட்டைக்கு இன்னா கம்மி பண்ணுவீங்க, அத்தச் சொல்லுங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அதற்குள் சித்தப்பா துண்டை உதறி பாயின் வலது கைமேல் போட்டு, அதற்கு அடியில் தன் கையை விட்டுவிட்டார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து அமுக்கியே பேரம் நடக்கும். பாவம், பாய்க்கு இது எப்படித் தெரியும்? முன்பின் தெரியாத ஒருவர் தன் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து அமுக்கிக்கொண்டு, கண்ணைப் பார்த்து அர்த்தத்தோடு தலையாட்டினால் எந்த மனிதருக்கும் கலக்கமாகத்தான் இருக்கும். கையை உருவிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

நிலைமையைச் சமாளிக்க நான் கிடாரை எடுத்து உட்கார்ந்தேன். பீட்டரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டேன். டொய்ங்... டொய்ங்... ஙொய்ய்ய்... டொங்... டொங். ஒரு கம்பி விடாமல் முழுப் பாட்டையும் வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்தேன்.

"மாஷா அல்லாஹ், ஸ்ருதி அழகா சேந்துடுச்சு" என்றார் பாய். "இப்ப வாசிங்க தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. கேள்வி ஞானம் இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். "வாசிச்சிட்டேனே பாய். இது வெஸ்டர்ன். சட்டுனு பிடிபடாது" என்றேன், இரக்கத்தோடு.

பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "அப்படியா? எனக்குத் தெரியலியே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

விலை படியவில்லை. ஆனால் வியாபாரம் முடியாவிட்டாலும் உறவைக் கெடுத்துக்கொண்டு போவது தரகருக்கு அழகில்லை. அடுத்த சந்தையில் அதே முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். சித்தப்பா காரிலிருந்து தாம்பாளத்தை எடுத்து வந்து, வெற்றிலை பாக்கோடு ஒரு பத்திரிகையை வைத்து நீட்டினார். "எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம். குடும்பத்தோட வந்துடணும். எங்க பையன் கச்சேரி இருக்குது, வந்து நெறயக் கேளுங்க. கேக்கக் கேக்கப் புடிபட்டுடும்."

பாய் பத்திரிகையைப் படித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

காஞ்சிபுரத்தில் கிடாரே இல்லை. வீணை விற்கிற கடைக்காரர், "அதுக்கு இதே எடுத்துக்கங்களேன். கம்பி ஒன்னு ஜாஸ்தி" என்றார். சித்தப்பாவுக்குச் சபலம் தட்டியது. எண்ணிப் பார்த்துவிட்டு என்னை வெளியே இழுத்து வந்தார். "ஏழு பல்லுடா. ஒத்தப்படையில எங்கயாவது மாடு உண்டா? ஏதோ கோளாறு." அந்தக் கடைக்கும் ஒரு பத்திரிகை வைத்தார். (அவர் மட்டும் வரவில்லை. நல்லவர்.)

மெட்ராஸில் மவுண்ட் ரோடு பக்கத்துச் சந்தில் ஒரு கடை. உள்ளே நுழைந்ததும் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன், அப்படி இருந்தது. சுவர் முழுக்கக் கிடார்கள். சித்தப்பா வாசலிலேயே நின்று, "அடேங்கப்பா, தொழுவம்!" என்றார். கடைக்காரர் டொமினிக், ஆங்கிலோ இந்தியர், அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். என்னைக் கண்ணாடி அணிந்த கண்ணால் ஓர் அலசு அலசிவிட்டு, நல்லதாக ஒன்றை இறக்கிக் கொடுத்தார்.

கண்ணை மூடி வாசித்தேன்.

"வெரி குட்! ட்யூன் பர்ஃபெக்ட்!" என்றார்.

ட்யூன் பர்ஃபெக்ட்! பட்டணத்தில்தான் இருக்கிறான் ரசிகன். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இப்ப வாசிங்க, ப்ளீஸ்" என்றார்.

ஒன்ஸ்மோர் கேட்கிறார் என்று புரிந்துகொண்டு, மறுபடியும் வாசித்தேன், இந்தமுறை இன்னும் உருகி.

"எஸ், எஸ், பர்ஃபெக்ட். இப்ப வாசிங்க."

மூன்றாம் முறையும் வாசித்தேன். டொமினிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "உங்க மாஸ்டர் யாரு?"

"ஒரு வெள்ளைக்காரர் சார். பீட்டர்."

"என்ன ஸ்டைல்?"

எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். "மௌனம், சார்."

டொமினிக் அசந்துபோனார். "மௌனம்... சைலன்ஸ்... அப்போ வாசிக்காம இருக்கறதுதான் ஸ்டைலா? ஐரோப்பாவுல இப்ப இப்படி ஏதோ வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன்." தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டார். "முழுக் கச்சேரி ஒன்னு கேக்கணுமே."

விலையைக் கேட்டதும் சித்தப்பா துண்டை உதறவே இல்லை. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நேராகத் தாம்பாளத்தை எடுத்து வரப் போனார்.

பாண்டிச்சேரியில்தான் மாடு மாட்டியது. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, லூர்து அம்மா என்பவரின் கடை. புருஷன் பிரெஞ்சுக்காரர்களிடம் பட்டாளத்தில் இருந்தவராம். அந்த அம்மா முன்பக்கம் வாத்தியம் விற்றுக்கொண்டு, பின்பக்கம் பாட்டு வகுப்பு நடத்தினார். பருத்த உடம்பு, கண்டிப்பான முகம். நான் வாசிக்கும்போது இடுப்பில் கைவைத்துக் கேட்டார்.

"நல்ல புள்ள" என்றார் சித்தப்பாவிடம். "எங்கிட்ட வர்றதுங்க எல்லாம் எடுத்த ஒடனே பாட்டுக்குப் பாயும். இது பொறுமையா எல்லாத்தையும் சரி பாக்குது. நல்ல வளர்ப்பு."

எதைச் சரிபார்த்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. பாராட்டு என்று மட்டும் விளங்கியது, வாங்கிக்கொண்டேன்.

சித்தப்பா துண்டை உதறினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அலறல் எதுவும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால், லூர்து அம்மா தானே துண்டுக்கு அடியில் கையை விட்டு, சித்தப்பாவின் விரல்களை அமுக்கிக்கொண்டிருந்தார்! சித்தப்பா முகத்தில் முதலில் ஆச்சரியம், பிறகு மரியாதை, பிறகு வலி.

"எங்க அப்பாரும் செஞ்சி சந்தையில தரகுதாங்க" என்றார் அந்த அம்மா, பிடியை விடாமல். "ஓட்டை கீட்டைன்னு ஆரம்பிக்காதீங்க."

அவர் சொன்ன விலைக்கே முடிந்தது. சித்தப்பா மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, "மாடு குடுத்தா கயிறும் குடுக்கணும்" என்று கேட்டு, தோளில் மாட்டுகிற வாரை இலவசமாக வாங்கிக்கொண்டார். பத்திரிகையும் வைத்தார். ஊர் திரும்புகிற வழியெல்லாம் சிவந்த விரல்களை ஊதிக்கொண்டு, "பொம்பளையாடா அது! சந்தைக்கு வந்தா நம்ம பொழப்பு போச்சு" என்று புகழ்ந்துகொண்டே வந்தார்.

வரவேற்பு நாள். மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு பக்கம் அலங்கார நாற்காலிகளில் அக்காவும் மாப்பிள்ளையும். இன்னொரு பக்கம் ஜமுக்காளம் விரித்து, மைக் வைத்து, நான். முன்வரிசை நடுவில் சம்பந்தி, ஜரிகை அங்கவஸ்திரத்தோடு, தொடையில் தாளம் போடத் தயாராகக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அப்பா.

கம்பியைத் தொடப் போனேன். வாசலில் அத்தர் வாசனையோடு வெள்ளைத் தாடி ஒன்று தெரிந்தது. வேலூர் பாய். எங்கள் ஊர் பேண்டு செட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய சரக்கை ஒரு பையில் தூக்கிக்கொண்டு, கல்யாணத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். அவர் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் டை கட்டிய டொமினிக் வந்தார். அவருக்குப் பின்னால் பட்டுப்புடவையில் லூர்து அம்மா. சித்தப்பா ஓடி ஓடி மூவரையும் முன்வரிசையில், சம்பந்திக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார். "அல்லாரும் எங்க பையன் பாட்டக் கேக்கத்தான் அத்தன தூரத்திலேர்ந்து வந்துகிறாங்க சம்பந்தி!"

சம்பந்தி பூரித்துப் போனார்.

கண்ணை மூடினேன். டொய்ங்... டொய்ங்... ஙொய்ய்ய்... டொங்... டொங். முடித்தேன். மண்டபம் அமைதியாக இருந்தது. சொக்கிவிட்டார்கள் என்று நினைத்து, மறுபடி மேல்கம்பியிலிருந்து ஆரம்பித்தேன். அதுவும் முடிந்தது. ஒரு குழந்தை அழுதது. பந்தியில் யாரோ சாம்பார் கேட்டார்கள்.

"ஸ்ருதி பிரமாதமா சேந்துடுச்சு தம்பி!" என்றார் சம்பந்தி சத்தமாக. "ஆரம்பிச்சுடுங்க!"

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது. வேலூரில் ஒருவர், மெட்ராஸில் ஒருவர், பாண்டிச்சேரியில் ஒருவர், இப்போது திண்டிவனத்துக்காரர். எல்லோருமா தப்பாகச் சொல்வார்கள்? வேறு வழி தெரியாமல் மூன்றாம் முறையாக ஆரம்பித்தேன். டொய்ங்... டொய்ங்...

பாய் எழுந்தார். மெதுவாக மேடை ஏறி வந்து, என் பக்கத்தில் குந்தி, காதோடு கேட்டார். காதோடுதான் கேட்டார். ஆனால் மைக் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அந்த வெள்ளைக்காரர் உங்களுக்கு வேற எதுவும் சொல்லித் தரலியா?"

"இல்லீங்க பாய்" என்றேன். ஒலிபெருக்கி, "இல்லீங்க பாய்" என்றது.

"தம்பி, இது பாட்டு இல்ல. கம்பிய ஒன்னோட ஒன்னு ஸ்ருதி சேக்கறது. அவரு இன்னும் பாட்டையே ஆரம்பிக்கல."

மண்டபத்தின் கடைசி வரிசைக்கும், வாசலில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தவருக்கும், எதிரில் டீக்கடைக்கும் அது தெளிவாகக் கேட்டது.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. கூரை மின்விசிறிகூடச் சிரித்த மாதிரி இருந்தது எனக்கு. அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பத்திரிகையில் என் பேர் போட்ட மனுஷன், தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாயில் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான். ஜமுக்காளம் அசையவில்லை.

"மாடு நல்ல மாடுதாங்க சம்பந்தி" என்று சித்தப்பாவின் குரல் கேட்டது. "ஓட்டறவந்தான் சரியில்ல."

அப்போது டொமினிக் எழுந்தார். "எக்ஸ்க்யூஸ் மீ" என்று மேடை ஏறி, என் மடியிலிருந்து கிடாரை வாங்கிக்கொண்டார். "ட்யூனிங் மட்டும் ரியலி பர்ஃபெக்ட்" என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். அம்மாடி! அந்தக் கிடாருக்குள் இத்தனை இருந்ததா? பாய் தன் பையைப் பிரித்து, பேண்டு செட்டுக்காரருக்கு வைத்திருந்த பாங்கோ என்கிற ஜோடிக் குட்டி மேளத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். லூர்து அம்மா மேடை ஓரத்தில் வந்து நின்று, கையை வீசித் தாளம் காட்டினார். எல்லாம் கூடி வந்தது. பாட ஆள்தான் இல்லை.

முன்வரிசையில் ஒரு நாற்காலி பின்னுக்குச் சாய்ந்தது. சம்பந்தி எழுந்து நின்றிருந்தார். முகத்தில் கோபம் இருக்கும் என்று பார்த்தேன். கல்யாணப் பெண்ணைவிட அதிகமாக வெட்கம் இருந்தது. "ஒரே ஒரு பாட்டு நான் பாடட்டுமா?" என்றார்.

இத்தனை வருஷமாக அவர் கூப்பிட்ட எந்தக் குழுவும் அவரை மைக் பக்கம் விட்டதில்லையாம். அது பிறகுதான் தெரிந்தது. அன்று அவரை யாரும் தடுக்கவில்லை. ஒரே ஒரு பாட்டு என்று ஏறியவர், கடைசிப் பந்தி முடிகிறவரைக்கும் இறங்கவில்லை. உச்சத்துக்குப் போகும்போது குரல் நம்மோடு வராது, தனியாக எங்கோ போய்விட்டு வரும். அப்போதெல்லாம் லூர்து அம்மா ஒரு முறை முறைப்பார், உடனே வழிக்கு வந்துவிடும். சம்பந்தியம்மா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளை தாளம் போட்டார். அப்பா மெல்லத் தலையை நிமிர்த்தினார். இரண்டாவது பாட்டின் முடிவில் முதல் ஆளாகக் கைதட்டியதும் அவர்தான்.

நான் நடுமேடையில் சும்மா நின்றிருந்தேன். இறங்கிப் போனால் நாலு பேர் துக்கம் விசாரிப்பார்கள். நின்றால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பாய்தான் பார்த்தார். வாசிப்பை நிறுத்தாமலே, காலால் பையை என் பக்கம் தள்ளினார். உள்ளே குடுவை மாதிரி, கைப்பிடி வைத்த, ஆட்டினால் சல்சல் என்று சத்தம் வருகிற இரண்டு கிலுகிலுப்பைகள்.

"நிக்காதீங்க தம்பி. ஆளுக்கு ஒரு வேலை. இத ஆட்டுங்க."

ஆட்டினேன். உயிரைக் கொடுத்து ஆட்டினேன். பாதிப் பாட்டில் லூர்து அம்மா வந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார். "ஒன்னு போதும். ரெண்டு கையும் ரெண்டு ஊர்ல இருக்குது."

கல்யாணம் நன்றாக நடந்தது. அக்காவுக்கு மாமியார் வீட்டில் ஒரு குறையும் வரவில்லை. "எங்க ஊட்டுக்காரரு வாழ்க்கையில பாடின ஒரே மேடை உன் கல்யாண மேடைதாம்மா" என்று சம்பந்தியம்மா கடைசிவரை அவளைத் தாங்கினார். கிடாரைச் சம்பந்தி கேட்டார், கொடுத்துவிட்டோம். எனக்குத்தான் ஒரு பேர் மிச்சமானது.

கல்யாண ஆல்பத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, ஒற்றைக் கிலுகிலுப்பையைத் தலைக்கு மேல் தூக்கி, வாயைப் பிளந்து நிற்கிறேன். திண்டிவனத்தில் அந்தப் படத்தைப் பார்க்காத ஆள் இல்லை. அக்காவுக்குப் பையன் பிறந்து, தாய்மாமன் சீரோடு போய் இறங்கினேன். சீர்த்தட்டை யாரும் பார்க்கவில்லை. சம்பந்தி வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் கிலுகிலுப்பையை என் கையில் கொடுத்து, "உள்ள வரும்போது ஆட்டிகினே வாங்க தம்பி. அப்பத்தான் கொழந்தைக்கு அடையாளம் தெரியும்" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் கிலுகிலுப்பை மாமா. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பைத் தாத்தா.

போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் திண்டிவனம் போயிருந்தேன். மணி அடித்ததும் கம்பிக் கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் குழந்தை எட்டிப் பார்த்தது, அக்காவின் பேத்தி. இதுவரை போனில் மட்டும் என்னைப் பார்த்தது. இதனிடமாவது மரியாதையாக ஆரம்பிப்போம் என்று நினைத்தேன்.

"தனசேகர் வந்திருக்கேன்னு உள்ள சொல்லும்மா."

குழந்தை உள்ளே திரும்பிக் கத்தியது. "பாட்டீ! யாரோ தனசேகராம்!"

உள்ளேயிருந்து என் கூடப்பிறந்த அக்காவின் குரல் வந்தது. "தனசேகரா? அப்படி நமக்கு யாரும் இல்லியே. இன்னா வேணும்னு கேளு."

குழந்தை என்னைப் பார்த்தது. நான் அக்கம்பக்கம் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன்.

கதவு உடனே திறந்தது.